பெயர் வைக்காத பட்டன்கள்

இன்று காலை, லாரிகளில் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பொருத்த வந்தவர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு மூன்று விசைகள் சேர்ந்து அழுந்திவிட்டன போலிருக்கிறது. திடீரென்று ஒரு குரல் பேசத் தொடங்கியது. திரையில் இருந்ததையெல்லாம் மேலிருந்து கீழாக வாசித்தது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "யாருப்பா அது, உள்ள குந்திக்கினு பேசறது?" என்று எடைமேடைக்காரர் கேட்டார். வந்தவருக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தானே பொறுப்பு. எழுந்து போய் நிறுத்தினேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல வெளியே வந்து, கம்பிக் கட்டுகள் அடுக்கியிருக்கும் ஷெட்டின் ஓரமாக நின்றுகொண்டேன். முகமெல்லாம் எரிந்தது.

அது உன் கம்ப்யூட்டரில் பேசிய குரல் இல்லை. இது நிதானமான, மெருகேற்றிய குரல். உன்னுடையது தகர டப்பாவுக்குள் கடுகு வெடிப்பதுபோல இருக்கும். அவ்வளவு வேகம். ஆனால் எந்தக் குரலாக இருந்தாலும், ஒரு இயந்திரம் திரையை வாசிக்கக் கேட்டால் எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் ஞாபகம் வருகிறது. அது நான் எழுதிய வாக்கியம். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இனி அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நீ முதல் நாள் வந்தது உன் அண்ணனோடு. எளாவூரிலிருந்து ரயிலில் வந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்து, சிப்காட் தொழிற்பேட்டைத் தெருக்களின் தூசியோடு உள்ளே நுழைந்தீர்கள். மேனேஜர் உன்னை என் மேஜைக்கு அனுப்பினார். டிஸ்பாட்ச்சில் ஆர்டர்களை டைப் செய்ய ஆள் தேவைப்பட்ட நேரம் அது. நான் உன்னைப் பார்த்தேன், உன் கையிலிருந்த வெள்ளை மடக்குக் கோலைப் பார்த்தேன், உன் அண்ணனிடம் திரும்பி, "இவங்களுக்கு டைப் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னக் கேளு. வாய் எனக்கும் கீது" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தை மறைக்க அவசர அவசரமாக ஒரு மானிட்டரைத் தூக்கிவந்து உன் மேஜையில் வைத்து வயரைச் செருகினேன். நீ அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு? ஒனக்கு வேணும்னா எடுத்துக்கினு போ" என்று சொன்னாய். கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, துளையைத் தேடிச் செருகி, திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் அந்த ஸ்கிரீன் ரீடரை நீயே ஏற்றிக்கொண்டாய். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது எங்களுக்கு. மானிட்டர் கடைசிவரை அணைந்தே கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு நீ இருட்டான கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும்.

நாம் சிநேகிதிகளானது ஆட்டோவில்தான். நான் கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவள். உன் ரயில் ஒரு திசையிலிருந்தும் என் ரயில் எதிர்த் திசையிலிருந்தும் பத்து நிமிட இடைவெளியில் வந்து சேரும். முதலில் வருகிறவள் படிக்கட்டருகே நிற்பாள். நீ சண்டைக்காரி. கேன்டீன் சாம்பாரைத் திட்டுவாய், ரயில் தாமதத்தைத் திட்டுவாய், சென்னையில் நீ படித்த விடுதிப் பள்ளியின் உப்புமாவைப் பல வருடம் கழித்தும் திட்டுவாய். டைப் அடிக்கும் வேகத்தில் உனக்குக் கர்வம் உண்டு. ஒருநாள் உன் இயர்போனை என் காதில் வைத்தாய். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. "இதுல இன்னா கேக்குது ஒனக்கு?" என்றேன். "நீ கண்ணால ஓட்றல்ல, அது மாதிரி நான் காதால ஓட்றேன். அவ்ளோதான். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல" என்றாய்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது பூவும் காபியும் அச்சடித்த படம் போட்டால் உன் போன் "படம்" என்று மட்டும் சொல்லும். எனக்கு நேரமிருந்தால் விளக்குவேன். "ஒரு ரோஜா, பக்கத்துல ஒரு கப்பு." மறுநாள் மறுபடியும் ரோஜா, கப்பு. "அந்தக் காபிய யாரும் குடிக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டாய். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதிசயம் இல்லை என்று நீ சொன்னதை நான் கேட்டுக்கொண்டேனே தவிர நம்பவில்லை. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து சிலர் வந்த நாளில் அது தெரிந்துபோனது. அவர்களுக்கு நான் உன்னைக் காட்டினேன். "சார், வெளிய வர்ற லாரிய சத்தத்த வச்சே இன்னா வண்டின்னு சொல்லிடுவாங்க" என்றேன். நெடுஞ்சாலைச் செக்போஸ்ட் பக்கத்தில் வளர்ந்தவள் நீ, ஏதோ பேச்சுவாக்கில் என்னிடம் சொன்ன விஷயம் அது. வந்தவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு வண்டியாகக் கேட்டார்கள். நீ சொன்னாய். கை தட்டினார்கள். அவர்கள் போன பிறகு நீ என் பக்கம் திரும்பி, "லாரி சத்தத்த எங்க ஊரு நாய்கூட கண்டுபுடிக்கும். நான் மாசத்துக்கு ஒரு தப்புகூட இல்லாம ஆர்டர் போட்றேன், அத ஏன் நீ சொல்லல?" என்று கேட்டாய். நான்கு நாள் என்னோடு ஆட்டோவில் ஏறவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. ஐந்தாம் நாள் ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிவந்து உன் மேஜையில் வைத்தேன். நீ தின்றாய். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு புது மென்பொருள் வந்தது. பழையதில் எல்லாமே எழுத்து. நீ விசைகளைத் தட்டியே முழு வேலையையும் முடித்துவிடுவாய். புதியதைச் சென்னையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு. சோதனைப் படிவத்தில் நீளமான பட்டியல் இருந்தது. அதில் ஒரு வரி: மவுஸைத் தொடாமல், ஸ்கிரீன் ரீடர் துணையோடு எல்லா வேலைகளையும் செய்ய முடிகிறதா? நீ என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். கூப்பிட்டிருந்தால் போதும். படிவத்தை அன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் மேனேஜர் பாராட்டுவார் என்றும் எனக்குத் தெரியும். எல்லா வரிக்கும் போட்டதுபோல அந்த வரிக்கும் 'ஆம்' என்று டிக் போட்டேன்.

அந்த மென்பொருளில் பட்டன்கள் எல்லாம் படங்கள். அச்சடிக்கப் பிரின்டர் படம், லோடு ஏற்ற லாரிப் படம். பார்க்கிறவர்களுக்குப் புரியும். ஆனால் படத்துக்குப் பின்னால் அதன் பெயரை எழுதிவைத்தால்தான் ஸ்கிரீன் ரீடர் அதைச் சொல்ல முடியும். அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதவில்லை. முதல் நாள் நீ இயர்போனைக் கழற்றி எனக்குக் கேட்கும்படி வைத்தாய். "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியவில்லை.

"ஸ்டெல்லா, இதுல எது இன்னான்னு எனக்கு எப்டி தெரியும்?" என்றாய்.

"அவங்ககிட்ட சொல்லிட்டேன். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க."

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால், படிவத்தில் ஏன் 'ஆம்' என்று போட்டாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து தினமும் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். நீ ஒவ்வொரு வாரமும் கேட்டாய். நான் ஒவ்வொரு வாரமும் அதே பொய்யைச் சொன்னேன்.

நீ சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்து, என்ன நடக்கிறதென்று கண்டுபிடித்து, எண்ணிக்கையாக மனப்பாடம் செய்துகொண்டாய். ஆறாவது பட்டன் சேமிக்க. ஒன்பதாவது அச்சடிக்க. முன்பைவிட மெதுவாகத்தான் போனது. ஆனாலும் போனது. மதியச் சாப்பாட்டை நீ பாதி நாள் மேஜையிலேயே முடித்துக்கொண்டாய். நான் கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அப்டேட் வந்தது. உன் பட்டன்களுக்குப் பெயர் வரவில்லை. இடம்தான் மாறியது. சேமிக்கும் பட்டன் எட்டாவது இடத்துக்குப் போய், ரத்து செய்யும் பட்டன் ஆறாவது இடத்துக்கு வந்துவிட்டது. என்னென்ன மாறியிருக்கிறது என்ற விவரம் காலையிலேயே எனக்கு மெயிலில் வந்திருந்தது. படித்தேன். உன்னிடம் சொல்லவேண்டும் என்றும் நினைத்தேன். சொன்னால் பட்டன் பெயர்கள் என்ன ஆயிற்று என்று மறுபடி கேட்பாயே என்ற பயத்தில், டீ குடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் நீ பதினோரு லாரிகளின் ஆர்டரை அழுத்தி முடித்திருந்தாய். பதினொன்றும் ரத்து. ரத்தாகிவிட்டது என்பதையும் அது ஒரு சிவப்பு வட்டமாகத்தான் காட்டியது. உனக்கு அது எப்படித் தெரியும்?

லோடிங் ஷெட்டில் ஆர்டர் இல்லை என்று வண்டிகளைத் திருப்பினார்கள். கேட்டில் வரிசை கட்டி நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நுழைத்து, "இன்னா மேடம், காலைலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க. வண்டிய உள்ள உடுவீங்களா மாட்டீங்களா?" என்று கத்தினார். மேனேஜர் இறங்கி வந்தார்.

"யாரு இத கேன்சல் பண்ணது?"

"நான்தான் சார்" என்று நீ எழுந்து நின்றாய். "சேவ்னு நெனச்சிதான் சார் அமுக்கினேன். ஸ்டெல்லா, பட்டன் எதுனா மாறிக்கீதா?"

என்னிடம்தான் கேட்டாய். எல்லோர் முன்னாலும், என்னை நம்பிக் கேட்டாய். அந்த மெயில் என் திரையில் திறந்தே இருந்தது.

"செக் பண்ணித்தான் சார் சொல்லணும்" என்றேன்.

"ஆபரேட்டர் மிஸ்டேக்கா?" என்றார் மேனேஜர்.

"இருக்கலாம் சார்."

நீ என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாய்.  உட்கார்ந்து, பதினோரு ஆர்டர்களையும் மறுபடி டைப் அடிக்க ஆரம்பித்தாய். அப்போதுதான் நான் போய், குனிந்து, எட்டாவது பட்டன் என்று உன் காதில் சொன்னேன். "சரி" என்றாய். அந்தச் சரியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மேனேஜர் ஒரு பட்டியல் கேட்டார். புது மென்பொருளில் யார் யார் வேலை செய்ய முடியும், யாரை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும். எக்செல்லில் ஊழியர்களின் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. உன் பெயர் இருந்த கட்டத்தில் ஒரு குறிப்பு சேர்த்தேன். கட்டத்தின் மூலையில் சின்னச் சிவப்பு முக்கோணமாக மட்டும் தெரியும், மவுஸை மேலே கொண்டுபோனால்தான் விரியும், அந்த மாதிரிக் குறிப்பு. ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பார்வையின்மை காரணமாகப் புதிய மென்பொருளில் பணிபுரிய இயலாதவர். வரவேற்பறைக்கு மாற்றலாம்.' மேனேஜர் மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். ஃபைல் எல்லோரும் திறக்கும் பொதுவான இடத்தில் இருந்தது. அதில்தான் டிரைவர்கள் உட்பட அனைவருடைய போன் நம்பர்களும் இருந்தன.

யாரும் அந்த முக்கோணத்தைக் கவனிக்கவில்லை. உன் ஸ்கிரீன் ரீடர் கவனித்தது. ஒரு கட்டத்தில் குறிப்பு இருந்தால் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். மதிய நேரம், அறையில் நாம் இருவர் மட்டும். நீ யாருடைய நம்பரையோ தேடிக்கொண்டிருந்தாய். விரல்கள் நின்றன. பிறகு இயர்போன் வயரைப் பிடுங்கினாய். குரல் ஸ்பீக்கரில் வந்தது. நான் உன்னோடு பழகிய இத்தனை நாளில் முதல் முறையாக நீ அதன் வேகத்தைக் குறைத்தாய். எனக்குப் புரியவேண்டுமே.

அது முதலில் என் பெயரைச் சொன்னது. யார் எழுதியது என்பதையும் சேர்த்துத்தான் அது வாசிக்கும். பிறகு என் வாக்கியத்தை, கோபமும் இல்லாமல் இரக்கமும் இல்லாமல், சொல் சொல்லாக வாசித்தது.

"ஒம் பேரையும் சேத்துப் படிக்குது பாரு" என்றாய்.

"சார்தான் எழுதச் சொன்னாரு."

"எழுதச் சொன்னாரு, சரி. இயலாதுன்னும் அவர்தான் சொல்லிக் குடுத்தாரா?"

நீ வயரைத் திரும்பச் செருகிக்கொண்டு, தேடிய நம்பரைக் கண்டுபிடித்து, போன் செய்து, ஒரு டிரைவரிடம் லோடு எப்போது கிடைக்கும் என்று அமைதியாகச் சொன்னாய். அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வேறு ஆட்டோவில் போனாய்.

உன்னை வரவேற்பறைக்கு மாற்றினார்கள். போனை எடுத்து வேறு இணைப்புக்குத் தட்டிவிடும் வேலை. ஒரு மாதம் அங்கே இருந்தாய். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். கடைசி நாளில் எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தாய். பொருள் என்ற இடத்தில் 'பட்டன்' என்று மட்டும் இருந்தது. திட்டி எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். அதைப் படிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. திறக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும். புதிது புதிதாக மெயில்கள் வந்து அதைக் கீழே தள்ளித் தள்ளி, ஒருநாள் பார்வையிலிருந்தே போய்விட்டது. அதன்பின் நீ இரண்டு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்ததைக்கூட உனக்குச் செய்த உதவியாக மாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன்தான் சொன்னார். "நம்ம ஆபீஸ்ல இருந்துதே கண்ணு தெரியாத பொண்ணு, எளாவூரு. டெங்கு வந்து பூட்ச்சாம்மா. நாலே நாளு." அவர் உன் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லுங்கள் என்று அவர்மேல் கோபப்பட்டேன். அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று பிற்பாடு தோன்றியது.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் ஸ்டெல்லாவா? ஒன் பேரு இந்த ஊட்ல எவ்ளோ பொழங்கும் தெரியுமா? ரோஜாப்பூ படம் காட்டுவியாமே."

உள்ளே அழைத்துப்போய் உன் லேப்டாப்பைக் காட்டினார். மூடியைத் திறந்ததும் அது தேதியையும் நேரத்தையும் சொன்னது. "தொறந்தா பேசுது. அவ நைனா இத எடுத்து உள்ள வையின்னு சொல்லிக்கினு கீறாரு. எனக்கு மனசு வரல" என்றார். பிறகு, என் கையை விடாமலே, "ஏம்மா, நல்ல வேலைதான. ஏன் உட்டா? கேட்டா, புடிக்கலன்னு மட்டும் சொன்னா. ஒனக்கு இன்னான்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா" என்றேன்.

அன்று ரயிலில் வரும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக உன் மெயிலைத் தேடி எடுத்துத் திறந்தேன். அதில் திட்டு இல்லை. அந்த மென்பொருளின் ஒவ்வொரு பக்கமும், அதிலுள்ள ஒவ்வொரு பட்டனும், அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அழுத்தினால் என்ன நடக்கிறது, அதற்கு என்ன பெயர் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். வரவேற்பறையில் போன் வராத நேரங்களில் செய்திருக்க வேண்டும். கடைசியில் மூன்று வரி.

'நீ அவங்ககிட்ட சொல்லவே இல்லன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, இப்ப இத அப்டியே அனுப்பு. எனக்கு அப்பறம் எவளாவது வருவா இல்ல, அவளுக்கு வேணும்.'

அனுப்பினேன். அந்தக் கம்பெனியில் ஒருவர் உட்கார்ந்து உன் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பெயர்களை ஏற்றினார். ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. உன் வேலையை, உன் மரியாதையை, நம் சிநேகத்தைக் கொடுத்து நான் தள்ளிப்போட்ட விஷயம் ஒரு மத்தியான வேலை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் போட்ட டிக், பட்டன் இடம் மாறியதை மறைத்தது, ஆபரேட்டர் மிஸ்டேக் இல்லை என்பது. அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம். அவங்களே இல்லையே" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இப்போது எந்தப் புது மென்பொருள் வந்தாலும், மானிட்டரை அணைத்துவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு முழு நாள் அதில் வேலை செய்து பார்க்கிறேன். உன் வேகத்தில் கால்வாசிகூட எனக்கு வரவில்லை. ஒரே ஒரு ஆர்டர் போட முதல் முறை நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை அழுகை வந்தது. இதைச் செய்வதால் பெரிய மனுஷி ஆகிவிட்டதாக நினைக்காதே. எனக்குத் தெரியும், இதை நான் அப்போதே செய்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக எளாவூருக்கு ரயில் ஏறினேன். உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அந்த வாக்கியத்தையும் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டேதான் கேட்டார். எங்கோ ஓரிடத்தில் கை நின்றுவிட்டது.

"அப்ப அவளுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஒன் பேர இந்த ஊட்ல கெட்டதா ஒரு வார்த்த சொல்லல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது? ஒரு மாசம் அந்த வாசல்லதான குந்தியிருந்தா. தெனமும் நீ அவளத் தாண்டிதான உள்ள போன?"

"ஆமாம்மா."

அவர் கீரையை ஆயத் தொடங்கினார். டீ சாப்பிடு என்று சொல்லவில்லை. மறுபடி வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் அவரிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ஒரு மாதமும் நான் வரவேற்பறையை எப்படித் தாண்டினேன் என்பது. படியேறும் முன்பே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். மூச்சை அடக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, சுவரை ஒட்டி நடந்து உள்ளே போய்விடுவேன். செக்யூரிட்டி அண்ணன் பார்த்துக்கொண்டே இருப்பார். எதுவும் கேட்க மாட்டார். உனக்குப் பார்வை இல்லாததை அப்படியெல்லாம் பயன்படுத்திக்கொண்டேன்.

உன் கடைசி வாரத்தில் ஒருநாள், நான் பாதி தாண்டியிருந்தபோது, நீ போனை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பாமலே, "குட் மார்னிங், ஸ்டெல்லா" என்றாய். கிண்டலாக இல்லை. தினமும் ஸ்டேஷன் படிக்கட்டருகே சொல்வாயே, அதே மாதிரி. செருப்பு என் கையில் இருந்தது. நான் நின்றேன். நீ பதிலுக்குக் காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு போன் மணி அடித்தது, நீ எடுத்துப் பேச ஆரம்பித்தாய், நான் உள்ளே போய்விட்டேன்.